ரத்தத்தை அடக்கக் கற்ற மருத்துவர்: ஹார்வி குஷிங்

கடந்த மாதம் நம் கிளப் ஹவுஸில் நடந்த மருத்துவ முகாமில் ஏறக்குறைய எல்லா வீட்டிலிருந்தும் யாராவது ஒருவர் வந்து கையை நீட்டி பி.பி. பார்த்துக்கொண்டார்கள். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து அளக்கும் அந்தக் கருவியை இத்தாலியில் பார்த்து, அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்று பரப்பியவர் ஒரு மூளை அறுவை சிகிச்சை நிபுணர். அவர் பெயர் ஹார்வி குஷிங். இந்த இதழில் அவரைப் பற்றி எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு.

நம் குடியிருப்பில் உள்ள ஓர் அம்மாவுக்குச் சில மாதங்களுக்கு முன் மூளை உறையில் கட்டி இருப்பது தெரிய வந்தது. கட்டிக்கு ரத்த ஓட்டம் அதிகம், அதனால் முதலில் தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிக்குப் போகும் ரத்தக் குழாயை அடைப்போம், அதற்குப் பிறகுதான் ஆபரேஷன் என்று டாக்டர்கள் சொன்னார்கள். குடும்பத்தினர் பயந்துவிட்டார்கள். ஒரே தடவையில் முடிக்காமல் ஏன் இழுத்தடிக்கிறார்கள், கட்டிக்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நம்மில் பலரிடம் கேட்டார்கள். யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த அம்மா இன்று நலமாக இருக்கிறார், மாலையில் நடைப்பயிற்சிக்கு வருகிறார். பெயர் போடாமல் எழுதச் சம்மதமும் தந்தார். அவர்கள் அன்று கேட்ட கேள்விக்குக் குஷிங்கின் வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது.

மருத்துவர் குடும்பத்தின் கடைக்குட்டி

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள கிளீவ்லேண்டில் 1869 ஏப்ரல் 8 அன்று பிறந்தார் குஷிங். பத்துப் பிள்ளைகளில் கடைசி. அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா எல்லோருமே மருத்துவர்கள். யேல் பல்கலைக்கழகத்தில் படித்தபோது பேஸ்பால் ஆட்டக்காரர். பிறகு ஹார்வர்டில் மருத்துவம் படித்து 1895-இல் பட்டம் பெற்றார். படம் வரைவதில் கெட்டிக்காரர். ஆபரேஷன் முடிந்ததும் தான் பார்த்ததைக் கையால் வரைந்து வைக்கும் பழக்கம் கடைசி வரை இருந்தது.

மாணவராக இருந்தபோது நடந்த ஒரு சம்பவம் அவரை மாற்றியது. அந்தக் காலத்தில் நோயாளிக்கு ஈதர் கொடுத்து மயக்குவது பெரும்பாலும் மாணவர்களின் வேலை. அப்படி அவர் மயக்க மருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோதே ஒரு நோயாளி இறந்துபோனார். படிப்பையே விட்டுவிடலாமா என்று நினைக்கும் அளவுக்கு நொந்துபோனார். ஆனால் விடவில்லை. எர்னஸ்ட் காட்மன் என்ற சக மாணவருடன் சேர்ந்து, ஆபரேஷன் நடக்கும்போது நோயாளியின் நாடித்துடிப்பையும் மூச்சையும் சில நிமிடங்களுக்கு ஒரு முறை குறித்துவைக்கும் அட்டவணையை உருவாக்கினார். இன்று எந்த ஆபரேஷன் தியேட்டரிலும் இப்படிக் குறித்துவைக்காமல் மயக்க மருந்து கொடுப்பதில்லை. தப்பு நடந்தால் அதை எழுதிவைத்துப் பாடம் படிக்க வேண்டும் என்ற பழக்கம் அங்கேதான் தொடங்கியது.

மெதுவாகச் செய்யக் கற்ற இடம்

1896-இல் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை நிபுணரிடம் சேர்ந்தார். மயக்க மருந்து வருவதற்கு முந்தைய காலத்தில் அறுவை மருத்துவருக்குப் பெருமையே வேகம்தான். ஹால்ஸ்டெட் அதற்கு நேர் எதிர். ஒவ்வொரு சிறு ரத்தக் குழாயையும் பிடித்துக் கட்டி, தசையை முரட்டுத்தனமாக இழுக்காமல், நிதானமாகச் செய்வார். குஷிங்கின் பிற்கால வேலை முழுவதற்கும் அடித்தளம் இந்த நிதானம்தான்.

1900, 1901-ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவில் சுற்றிப் படித்தார். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோகர் என்ற புகழ்பெற்ற நிபுணரின் கீழ் ஒரு முக்கியமான ஆராய்ச்சி செய்தார். விலங்கின் மண்டையோட்டில் ஒரு சிறு கண்ணாடி ஜன்னல் வைத்து, உள்ளே அழுத்தம் ஏறும்போது மூளையின் மேலுள்ள ரத்தக் குழாய்கள் என்ன ஆகின்றன என்று பார்த்தார்.

மண்டையோடு ஒரு மூடிய பெட்டி. உள்ளே கட்டி வளர்ந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ, வீக்கம் வந்தாலோ விரிவதற்கு இடம் கிடையாது. அழுத்தம் ஏறினால் ரத்தக் குழாய்கள் நசுங்கி, மூளைக்கு ரத்தம் குறைகிறது. அப்போது உடல் தன் ரத்த அழுத்தத்தை உயர்த்தி, எப்படியாவது ரத்தத்தை உள்ளே தள்ளப் பார்க்கிறது. பி.பி. ஏறும், நாடி மெதுவாகும், மூச்சு சீர்குலையும். தலையில் அடிபட்டவரிடம் இந்த மூன்றும் சேர்ந்து தெரிந்தால் டாக்டர்கள் பதறுவதன் காரணம் இதுதான். இதற்கு இன்றும் குஷிங்கின் பெயரே வழங்குகிறது.

அதே பயணத்தில், 1901-இல், இத்தாலியின் பவியா நகர மருத்துவமனையில் ரிவா ரோச்சி கண்டுபிடித்த பி.பி. பட்டையைப் பார்த்தார். அதன் அருமை அவருக்கு உடனே புரிந்தது. ஊர் திரும்பியதும் ஆபரேஷன் நேரத்தில் பயன்படுத்த ஆரம்பித்தார். பாஸ்டனில் இருந்த பெரிய மருத்துவர்கள், விரலால் நாடி பார்ப்பதே போதும் என்று முதலில் தள்ளிவிட்டார்கள். காலம் அவர் பக்கம் நின்றது.

கட்டிக்கு ஏன் இவ்வளவு ரத்தம்?

நம் உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய 15 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. அந்த இடத்தில் ஒரு கட்டி வளர வேண்டுமானால் அதற்கும் ரத்தம் வேண்டும்.

நம் குடியிருப்பையே எடுத்துக்கொள்வோம். பொதுக் குழாயிலிருந்து யாரோ அனுமதியில்லாமல் ஒரு இணைப்பு எடுத்துக்கொண்டால் எப்படி இருக்கும்? மூளைக் கட்டி அதைத்தான் செய்கிறது. மூளையைச் சுற்றியுள்ள உறையிலிருந்து வளரும் கட்டிகள் பெரும்பாலும் மெதுவாக வளர்பவை, பரவாதவை. ஆனால் உறைக்குப் போகும் ரத்தக் குழாய்களைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டு அவற்றைத் தடிக்கச் செய்கின்றன. அதனால் கத்தி வைத்தவுடன், சில சமயம் மண்டையோட்டைத் திறக்கும்போதே, ரத்தம் கொட்டும். இந்த வகைக் கட்டிக்கு மெனிஞ்சியோமா என்று 1922-இல் பெயர் வைத்தவரே குஷிங்தான்.

மூளையின் உள்ளேயே தாங்கு செல்களிலிருந்து வளரும் க்ளையோமா வகை வேறு. அவற்றில் மிகக் கொடியதான க்ளையோபிளாஸ்டோமா, இருக்கிற குழாயில் பங்கு கேட்பதோடு நிற்பதில்லை. தனக்கென்று புதிய ரத்தக் குழாய்களையே முளைக்க வைக்கிறது. அவசரத்தில் போட்ட பைப் லைன் மாதிரி அவை கோணல்மாணலாக இருக்கும், கசியும். கசிவால் சுற்றியுள்ள மூளை வீங்கும். இவ்வளவு செய்தும் கட்டியின் வேகத்துக்கு ரத்தம் ஈடுகொடுக்க முடியாமல் அதன் நடுப்பகுதி செத்துப்போகும். கட்டிக்குள் புதுக் குழாய்கள் பெருகுவதும் நடுப்பகுதி அழிவதும் நோய் வேகமாக முற்றுகிறது என்பதற்கு அடையாளங்கள்.

சாதாரணமாக நம் உடலில் எங்கே ரத்தம் கசிந்தாலும் அழுத்திப் பிடிக்கலாம், நூலால் கட்டலாம். மூளையில் இரண்டும் எளிதல்ல. அழுத்தினால் மூளை கெடும். குழாய்களோ மிக மெல்லியவை, நூல் கட்டப் போனால் அறுந்துவிடும். குஷிங் இந்தத் துறைக்கு வந்தபோது மூளைக் கட்டிக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் மூன்றில் ஒருவர் முதல் பாதிப் பேர் வரை இறந்துகொண்டிருந்தார்கள். அவர் கையிலும் தொடக்க ஆண்டுகளில் பலர் இறந்தார்கள்.

வெள்ளிக் கிளிப்பும் மின்சாரக் கத்தியும்

ரத்தத்தை அடக்க அவர் ஒவ்வொன்றாக வழி தேடினார். பி.பி. பட்டையைப் போலவே காற்றடிக்கும் ரப்பர்ப் பட்டை ஒன்றைத் தலையைச் சுற்றிக் கட்டி, தலைத்தோலிலிருந்து வரும் ரத்தத்தைக் குறைத்தார். 1911-இல் வெள்ளிக் கம்பியில் செய்த குட்டிக் கிளிப்புகளைப் பற்றி எழுதினார். நூலால் கட்ட முடியாத ஆழத்தில் உள்ள குழாயை அந்தக் கிளிப்பால் கவ்வி மூடிவிடலாம். உள்ளேயே விட்டுவிட்டாலும் தொந்தரவில்லை. இன்று அறுவை மருத்துவர்கள் பயன்படுத்தும் பல கிளிப்புகளுக்கு அது மூத்த அண்ணன்.

அடுத்த வழி கருவியே இல்லாதது. ரத்தம் அதிகமானால் நிறுத்திவிடுவது. எவ்வளவு தூரம் வந்திருந்தாலும் காயத்தை மூடி, சில நாள் கழித்து நோயாளி தேறியதும் மறுபடி திறப்பது. பாதியில் நிறுத்துவதைத் தோல்வி என்று அவர் நினைக்கவில்லை.

1910-இல் லெனர்ட் உட் என்ற அமெரிக்க ராணுவத் தளபதி அவரிடம் வந்தார். மூளை உறைக் கட்டியால் ஒரு கால் பலவீனமாகி, வலிப்பும் வந்துகொண்டிருந்தது. குஷிங் அவருக்கு இரண்டு கட்டமாக ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்தார். உட் எழுந்து நடந்தார். அமெரிக்க ராணுவத்தின் தலைமைப் பொறுப்பை வகித்தார், பிறகு பிலிப்பைன்ஸ் நாட்டின் கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். மூளை ஆபரேஷன் என்றாலே முடிவு என்று நினைத்த மக்களுக்கு அது பெரிய நம்பிக்கை.

1912-இல் ஹார்வர்டு பேராசிரியராகி, பாஸ்டனில் புதிதாக எழுந்த பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனைக்குப் போனார். முதல் உலகப் போரின்போது பிரான்சில் ராணுவ மருத்துவராகத் தலைக்காயங்களுக்குச் சிகிச்சை அளித்தார். தன் குருவைப் போன்ற வில்லியம் ஆஸ்லரின் ஒரே மகன் 1917-இல் போர்க்களத்தில் குண்டடிபட்டு இறந்தபோது அருகில் இருந்தவர்களில் குஷிங்கும் ஒருவர். பின்னாளில் ஆஸ்லரின் வாழ்க்கை வரலாற்றை இரண்டு தொகுதிகளாக எழுதினார். அதற்கு 1926-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

அந்த 1926 அவருக்குப் பரிசு மட்டும் தரவில்லை. ஜூன் மாதத்தில் மூத்த மகன் வில்லியம் கார் விபத்தில் இறந்தான். காலையில் செய்தி வந்தது. மனைவி கேதரினுக்குச் சொல்ல ஏற்பாடு செய்துவிட்டு, அன்று குறித்திருந்த ஆபரேஷனைச் செய்து முடித்த பிறகே புறப்பட்டார். அதைக் கடமை என்று சொல்வதா, கல் நெஞ்சு என்று சொல்வதா என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் இன்றும் யோசிக்கிறார்கள். உதவியாளர்களிடம் கடுமையாக நடப்பவர், வீட்டில் இருக்கும் நேரம் குறைவு என்பதும் மறைக்க முடியாத உண்மைகள்.

அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று வேறொரு திருப்பம். ஒரு நோயாளியின் தலையில் இருந்த கட்டியை எடுக்க முயன்று, ரத்தம் நிற்காததால் சில நாள் முன்பு பாதியில் மூடியிருந்தார். ஹார்வர்டில் வேலை செய்த வில்லியம் போவி என்ற விஞ்ஞானி, மின்சாரத்தால் திசுவை வெட்டவும் ரத்தக் குழாயைச் சுட்டு அடைக்கவும் ஒரு கருவி செய்திருந்தார். அவரையே கருவியோடு ஆபரேஷன் அறைக்கு வரவழைத்தார் குஷிங். இந்த முறை கட்டி வெளியே வந்தது. அதன் பிறகு, முடியாது என்று முன்பு திருப்பி அனுப்பிய நோயாளிகளைத் தேடிக் கூப்பிட்டு மறுபடி ஆபரேஷன் செய்ய ஆரம்பித்தார். அப்போது அவருக்கு வயது 57. அந்த வயதில் பழைய பழக்கத்தை மாற்றிக்கொள்வது லேசான காரியமில்லை.

1929-இல் ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் பாஸ்டனுக்கு வந்து குஷிங்கின் ஆபரேஷனைப் பார்த்தார். முடிந்ததும் ஒரு மாட்டிறைச்சித் துண்டைக் கொடுக்க, அந்த மின்சாரக் கத்தியால் அதில் தன் பெயரை எழுதி மகிழ்ந்தாராம் அந்தக் கிழவர்.

எல்லாம் வென்றுவிடவில்லை

1927-இல் லெனர்ட் உட் திரும்பி வந்தார். 17 ஆண்டுகளில் கட்டி மறுபடி வளர்ந்து பெரிதாகியிருந்தது. கை கால் பலவீனத்தைப் பல காலம் பொறுத்துக்கொண்டு, வேலையைக் காரணம் காட்டித் தள்ளிப்போட்டிருந்தார். இப்போது குஷிங்கிடம் மின்சாரக் கத்தி இருந்தது, அனுபவம் இருந்தது. நீண்ட ஆபரேஷன். கட்டியும் வந்தது. ஆனால் மூளையின் உள்ளறைக்குள் ரத்தம் கசிந்து, சில மணி நேரத்தில் உட் இறந்துபோனார். தேதி ஆகஸ்ட் 7. அந்த மரணம் குஷிங்கை வெகுவாக உலுக்கியது.

உறைக் கட்டி மெதுவாக வளர்வது என்றாலும் ஒரு துளி மிச்சமிருந்தால் ஆண்டுகள் கழித்துத் திரும்பலாம். அறிகுறி தெரிந்தும் தாமதித்தால் அதன் ரத்தக் குழாய்களும் அதற்குள் பெருத்துவிடும்.

க்ளையோமா விஷயத்தில் கிளிப்பும் கத்தியும் போதவில்லை. அங்கே எதிரி யார் என்று தெரிந்துகொள்வதே முதல் வேலையாக இருந்தது. பெர்சிவல் பெய்லி என்ற இளம் மருத்துவர் குஷிங் எடுத்த நூற்றுக்கணக்கான க்ளையோமாக்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து வகை பிரித்தார். எந்த வகை வந்தவர் எவ்வளவு காலம் வாழ்ந்தார் என்று ஒப்பிட்டார்கள். 1926-இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட அந்த நூல்தான் பின்னால் வந்த வகைப்பாடுகளுக்கு எல்லாம் தொடக்கம். 1928-இல் மூளையின் ரத்தக் குழாய்களிலிருந்தே பிறக்கும் கட்டிகளைப் பற்றித் தனி நூலும் எழுதினார்கள்.

இதெல்லாம் முடிந்ததற்குக் காரணம் பதிவேடு. செயலாளராகச் சேர்ந்து, பிறகு மருத்துவம் படித்து நரம்பு நோய்க்குறியியல் நிபுணரான லூயிஸ் ஐசன்ஹார்ட் என்ற பெண்மணி ஒவ்வொரு கட்டியையும் குறித்துவைத்தார். எடுத்த கட்டி, புகைப்படம், வரைபடம், நோயாளி ஊர் திரும்பிய பிறகு எழுதிய கடிதம் என்று எதையும் தூக்கிப்போடவில்லை. 1931 ஏப்ரலில் குஷிங் தன் 2000-ஆவது மூளைக் கட்டி ஆபரேஷனைச் செய்தார். அந்தக் கடைசி ஆண்டுகளில் அவரிடம் ஆபரேஷனில் இறந்தவர்கள் பத்தில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்திருந்தது.

அவருடைய சொந்த ரத்தக் குழாய்கள்

இவ்வளவு பேரின் ரத்த ஓட்டத்தைக் கவனித்தவர் தன்னுடையதைக் கவனிக்கவில்லை. விடாமல் சிகரெட் பிடிப்பவர். கால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் மெல்ல அடைபட்டன. கடைசி ஆண்டுகளில் நடப்பதே வேதனை. 1932-இல் பிரிகாமிலிருந்து ஓய்வு பெற்று, பிறகு தான் படித்த யேலுக்குத் திரும்பினார். ஐசன்ஹார்ட்டும் கூடவே போனார். 1938-இல் இருவரும் மெனிஞ்சியோமா பற்றிய பெரிய நூலை வெளியிட்டார்கள்.

1939 அக்டோபர் 7 அன்று, 70 வயதில், மாரடைப்பால் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் தொடையின் முக்கிய ரத்தக் குழாய்கள் முழுக்க அடைத்திருந்தது தெரிந்தது. மூளையில், நடுவே உள்ள அறையில், சுமார் ஒரு சென்டிமீட்டர் அளவில் சிறு நீர்க்கட்டி ஒன்றும் இருந்தது. வாழ்நாள் முழுக்க மூளைக் கட்டிகளோடு போராடியவர் தன் தலைக்குள்ளும் ஒன்றைச் சுமந்துகொண்டிருந்தார், அது அவருக்கு எந்தத் தொல்லையும் தரவில்லை. அவரை வீழ்த்தியது சிகரெட்தான் என்று சொன்னால் தவறில்லை.

அவர் சேர்த்துவைத்த மூளை மாதிரிகள் நிறைந்த கண்ணாடி ஜாடிகள் பல ஆண்டுகள் யேல் மாணவர் விடுதியின் அடித்தளத்தில் கேட்பாரற்றுக் கிடந்தன. 2010 முதல் அவை அங்குள்ள மருத்துவ நூலகத்தில் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கின்றன.

நமக்கு என்ன?

அந்த அம்மாவின் வீட்டில் கேட்ட கேள்விக்கு வருவோம். ஆபரேஷனுக்கு முன்பே கட்டியின் ரத்தக் குழாயை உள்ளிருந்து அடைப்பது இழுத்தடிப்பு இல்லை. ரத்தத்தை முதலில் அடக்கு, கட்டியைப் பிறகு எடு என்று குஷிங் கற்றுக்கொண்ட அதே பாடத்தின் இன்றைய வடிவம். க்ளையோபிளாஸ்டோமாவில், புதுக் குழாய் முளைப்பதைத் தடுக்கும் மருந்தும் இப்போது இருக்கிறது. வீக்கத்தைக் குறைத்து, நோய் முற்றுவதைச் சில காலம் தள்ளிவைக்கிறது. ஆயுளைக் கூட்டுவதாகப் பெரிய ஆய்வுகளில் தெரியவில்லை. டாக்டர் அந்த மருந்தைச் சொன்னால், எதற்காகக் கொடுக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

மூளை ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருக்கிறவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிட்டால் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம். ஆபரேஷன் முடிந்து நன்றாக இருந்தாலும் சொன்ன தேதியில் ஸ்கேன் எடுக்கத் தவறாதீர்கள். காலையில் எழுந்ததும் தலைவலியோடு வாந்தி, புதிதாக வலிப்பு, ஒரு பக்கக் கை கால் பலவீனம், பார்வை மங்கல் என்று எது வந்தாலும் தள்ளிப்போட வேண்டாம். லெனர்ட் உட் தள்ளிப்போட்டார்.

அடுத்த முகாமில் கையில் பட்டை சுற்றும்போது குஷிங்கை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வோம். கீழே பார்க்கிங்கில் ஒதுங்கி நின்று புகைபிடிக்கும் நண்பர்களும் நினைத்துக்கொள்ளட்டும்.